விசாலத்தை யார் பார்க்கிறார்கள்

ஜூன் 3, திங்கள்

விசாலத்தைக் கொல்லலாமா வேண்டாமா என்று கண்டுபிடித்துச் சொல்லும் பொறுப்பு இன்று என் தலையில் விழுந்தது.

விசாலம் எங்கள் தொடரின் மாமியார். தொடரின் பெயர் ‘ஏழாவது மருமகள்’. இதுவரை மூன்று மருமகள்கள்தான் வந்திருக்கிறார்கள். மிச்சப் பேருக்கு பட்ஜெட் வரவில்லை. சாலிகிராமத்தில் ஒரு மாடி வீடுதான் எங்கள் அலுவலகம். நான் கதை இலாகாவில் உதவியாளர். போன மாதம் யார் யாருக்குச் சாபம் விட்டார்கள் என்பதை எழுத்தாளருக்கு ஞாபகப்படுத்துகிறவள். புள்ளியியல் எம்.எஸ்ஸி. படித்தவள் செய்கிற வேலையா என்று நாகர்கோவிலிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

காலையில் சேனலின் புது நிகழ்ச்சி அதிகாரி ஷ்ரேயஸ் வந்திருந்தார். நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்து, தயாரிப்பாளர் நாச்சியப்பன் சாரிடம் சொன்னார்: “சீரியல்ல கொஞ்சம் வயசான வாசனை அடிக்குது சார். நம்ம ஆடியன்ஸ் இருபத்திரண்டுல இருந்து முப்பது வயசுப் பொண்ணுங்க. அவங்களுக்கு எதுக்கு மாமியார்? விசாலத்த முடிச்சிடுங்க. ஹீரோயினுக்கு ஒரு காலேஜ் ஃப்ரெண்ட் கொண்டாங்க.”

நாச்சியப்பன் சாருக்கு விசாலத்தின் மேல் பாசமெல்லாம் கிடையாது. சாவின் மேல்தான் பயம். மாமியார் செத்தால் அத்தனை நடிகர்களும் ஒரே நாளில் வந்து அழவேண்டும். அத்தனை பேருக்கும் கால்ஷீட், அத்தனை பேருக்கும் சாப்பாடு.

“ஆராய்ஞ்சு பாத்துட்டுச் செய்வோமே தம்பி. யாரு பாக்குறா, எந்த வயசு, எந்த ஊருன்னு எல்லாம் நெட்லயே கெடக்குமாம். நம்ம மலர் எடுத்துக் குடுக்கும். மாசக் கடைசிக்குள்ள.”

அப்போதுதான் எங்கள் எழுத்தாளர் கோமதிநாயகம் சார் மெல்ல இருமினார். சேனலிலிருந்து சனிக்கிழமையே போன் வந்ததால், அவர் விசாலத்தை மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்டிருந்தார். காட்சியும் எடுத்தாகிவிட்டது.

“உருட்டியாச்சா?” என்றார் நாச்சியப்பன் சார். “சரி. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் கோமா.”

ஜூன் 4, செவ்வாய்

தேடுபெட்டியில் ‘தொலைக்காட்சி பார்ப்பவர்கள் வயது’ என்று தட்டினேன். எந்த வயதுக் குழந்தைக்கு டி.வி. காட்டலாம் என்று ஒரு டாக்டர் பேட்டி வந்தது. பிறகு டி.வி. தள்ளுபடி விற்பனை. அதற்கடுத்து எங்கள் விசாலமே வந்துவிட்டாள்: ‘விசாலமாக நடிக்கும் சந்திரப்பிரபாவின் உண்மையான வயது தெரியுமா?’ உள்ளே போய்க் கடைசி வரி வரை படித்தேன். அவர்களுக்கும் தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் பிடி கிடைத்தது. ரேட்டிங் எடுக்கிறவர்கள் வாராவாரம் எந்த நிகழ்ச்சி முதலிடம் என்று இலவசமாகப் போடுகிறார்கள். அதை எந்த வயதுக்காரர்கள் பார்த்தார்கள் என்பது காசு கட்டியவர்களுக்கு மட்டும். வணிக சங்கங்களின் ஆண்டறிக்கைகள் பளபளவென்று இருக்கின்றன. பாதிப் பக்கம் தலைவர்களின் சிரிப்பு, மீதிப் பக்கத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு வரி. பிரேசில் நாட்டுத் தொடர்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை கிடைத்தது. அதிலும் மாமியார்தான் பிரச்சினை என்பது ஓர் ஆறுதல்.

அரசாங்கத்தின் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ‘வாரம் ஒரு முறையாவது டி.வி. பார்ப்பீர்களா’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. மாவட்டம் மாவட்டமாகப் போய் வீட்டு வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள். ஆசையாகப் புரட்டினேன். பெண்களில் நாற்பத்தொன்பது வயது வரைதான் கேட்கிறார்கள். ஐம்பது ஆகிவிட்டால் நீ டி.வி. பார்த்தாலும் ஒன்று, சுவரைப் பார்த்தாலும் ஒன்று.

ஜூன் 5, புதன்

ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை. அலுவலகத்தில் என் மேஜைக்கு மேலே இருக்கும் மின்விசிறியும் நின்றுவிட்டது. கணினியை எடுத்துக்கொண்டு எடிட்டிங் அறைக்குப் போய்விட்டேன். அங்கே ஏ.சி. நன்றாக இருக்கிறது.

ஜூன் 7, வெள்ளி

படப்பிடிப்புத் தளத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரி அறை போட்டிருக்கிறார்கள். பிரபாம்மா தலையில் பெரிய கட்டோடு கட்டிலில் படுத்திருந்தார். மூன்று மருமகள்களும் சுற்றி நின்று அழுதுகொண்டிருந்தார்கள். டேக் பாதியில் ஒரு குறட்டை கேட்டது.

“கட்! அம்மா, கோமாம்மா!” என்று இயக்குநர் கத்தினார்.

“கோமான்னா தூக்கந்தானே தம்பி,” என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார் பிரபாம்மா. “நான் உள்ள போயி நடிக்கிறேன். நீ வெளிய நின்னு எடு.”

அவருக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். நாற்பது வருஷமாக யாருக்காவது அம்மா. கதாநாயகனைவிட வயதில் சின்னவராக இருந்தபோதே அவனுக்கு அம்மாவாகிவிட்டவர். இடைவேளையில் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“என்ன பாப்பா, நீதான் எனக்கு ஆயுள் ரேகை பாக்குறியாமே. சாவா, பொழப்பா?”

“இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்மா,” என்றேன்.

“நல்லாத் தேடு. ஆனா சீக்கிரம் சொல்லிடு. தேதி தெரிஞ்சா மனுஷிக்கு நிம்மதி.”

சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் என் கையைப் பிடித்திருந்த அவர் உள்ளங்கையில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. தோளையும் தூக்க முடியவில்லை. நாள் முழுக்க அந்த இரும்புக் கட்டிலில் கிடந்தால் வேறென்ன ஆகும்? என் பையில் இருந்த தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டேன். இந்த வயதில் வேலை போனால் எங்கே போவார்? எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும். ஆராய்ச்சி செய்கிறவள் முன்கூட்டி இப்படி நினைக்கக் கூடாது என்று எங்கள் பேராசிரியர் சொல்லுவார். அவர் பிரபாம்மாவைப் பார்த்ததில்லை.

ஜூன் 9, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பையனின் படம் அனுப்பியிருக்கிறாளாம். பார்க்கிறேன் என்றேன்.

“அம்மா, நீ சீரியல் பாப்பியா? ஆராய்ச்சிக்குக் கேக்கேன்.”

“நானா? சீ, போ மக்ளே. எனக்கு ஜெபக்கூட்டத்துக்கே நேரமில்ல. இந்தச் சவத்தெல்லாம் யாரு பாப்பா?”

‘பார்ப்பதில்லை’ என்று குறித்துக்கொண்டேன். போனை வைக்கப்போகும்போது கேட்டாள்: “மக்ளே, அந்த விசாலம் எந்திப்பாளா? பாவம், ஒரே கெடப்பா கெடக்கா. நேத்து ஜெபத்துல அவ பேரையும் சேத்துச் சொன்னோம். பாஸ்டர், எந்தத் தெருன்னு கேட்டாரு.”

அடித்துவிட்டு வேறு எழுதினேன்.

“பக்கத்துல என்ன ஆம்பளச் சத்தம்?” என்றாள்.

“டி.வி. சத்தம்.”

ஞாயிற்றுக்கிழமையிலும் எடிட்டர்களுக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

இன்று ஒரு வேட்டை. ஷ்ரேயஸ் சொன்ன ‘இருபத்திரண்டு முதல் முப்பது’ எங்கிருந்து வந்தது?

அவர் அனுப்பிய விளக்கப்படத்தில் அடியில் பொடி எழுத்தில் ஒரு வலைப்பூவின் பெயர் இருந்தது. அந்த வலைப்பூ இன்னொரு செய்தித்தளத்தைக் காட்டியது. செய்தித்தளம் ஒரு சேனலின் பத்திரிகைக் குறிப்பைக் காட்டியது. குறிப்பு இணையத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தது. நான் சோர்ந்து போய் நாற்காலியில் சாய்ந்தேன்.

“பழைய பக்கத்தையெல்லாம் சேத்து வைக்கிற தளம் ஒண்ணு இருக்குங்க. அதுல போட்டுப் பாருங்க,” என்றார் எடிட்டர் பாண்டித்துரை. சிவகங்கைக்காரர். மருமகளின் ஃபிளாஷ்பேக்கில் விசாலம் மறுபடி உருண்டு தரையைத் தொடுவதற்குள் எத்தனை பேர் முகத்தைக் காட்டலாம் என்று ஒரு பக்கம் வெட்டிக்கொண்டே, மறுபக்கம் என் திரையையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கிடைத்தது. நான்கு வருஷத்துக்கு முந்தைய குறிப்பு. இந்திச் சேனல். பெருநகரங்கள் மட்டும். அது தொடரே இல்லை, பாட்டுப் போட்டி.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து டப்பிங் அறையிலிருந்து கதவைத் தட்டினார்கள். உள்ளே சாவுச் சேதி பேசிக்கொண்டிருந்தார்களாம்.

பாண்டித்துரை வீட்டிலிருந்து புளியோதரை கொண்டுவந்திருந்தார். அவரே கிளறியது. உப்பு கொஞ்சம் தூக்கல். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன், மரியாதைக்காக.

ஜூன் 13, வியாழன்

நேற்றுப் படப்பிடிப்பில் ஒரு கொசு பிரபாம்மாவின் கையில் உட்கார்ந்திருக்கிறது. பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர், கடைசியில் ஒரு விரலை மட்டும் லேசாக அசைத்துவிட்டார். இயக்குநர் கவனிக்கவில்லை. பாண்டித்துரை கவனித்தான்.

“வெட்டலியா?” என்றேன்.

“ரெண்டு நிமிஷமா மூணு பொம்பளைங்க அழுகுறாங்க, ஒரு பய பாக்க மாட்டான். இது ஒண்ணுதாங்க உசுரோட இருக்கு. கெடக்கட்டும்.”

கெடக்கட்டும் என்று விட்டுவிட்டான். இன்று மாலை அது ஒளிபரப்பாகும்.

ஜூன் 14, வெள்ளி

விரல்!

ஒரே ராத்திரியில் ஊர் முழுக்க விரல். சேனலின் யூடியூப் துணுக்குக்குக் கீழே கமெண்ட் கொட்டிக் கிடக்கிறது. ‘எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுதா, இல்ல நெஜமாவே அசைஞ்சுதா?’ ‘விசாலம் அத்தை நடிக்கிறா, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருக்கா.’ ‘மூத்த மருமகளே, உன் கதை முடிஞ்சுது.’ கோமதிநாயகம் சாருக்கு எதுவும் புரியவில்லை. “நான் விரல் எழுதலியே,” என்று காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் கிடைத்தது. எத்தனையோ ஆயிரம் கட்டிப் பார்க்க வேண்டிய அறிக்கைகளுக்கு ஏங்கிக்கொண்டிருந்தேன். வீடியோவுக்கு அடியில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி, ஒரு கோடு ஓடுகிறது. எந்த இடத்தை மக்கள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்களோ அங்கே கோடு மலை மாதிரி எழும்பும். விரல் அசையும் இடத்தில் பொதிகை மலை. பழைய துணுக்குகளையெல்லாம் எடுத்தேன். கதாநாயகி அழும் இடம் மொட்டை வெளி. கதாநாயகன் வரும் இடம் வயல் வரப்பு. விசாலம் வாயைத் திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குன்று.

பார்க்கிறவர்களின் வயது மட்டும் இதில் தெரியாது. ஷ்ரேயஸ் அதைத்தான் கேட்பார்.

ஜூன் 17, திங்கள்

பிரபாம்மாவை இன்று தளத்துக்கு வெளியே பார்த்தேன். ஒரு வேப்பமரத்தின் கீழ் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். தலைக்கட்டு அப்படியே இருந்தது. “கிளட்ச்ச விட்டாத்தான மேல ஏறும்,” என்று யாரிடமோ சொன்னவர், என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டார். முகமெல்லாம் வெயில் பட்டுக் கறுத்திருந்தது. பஸ் ஏறிக் கோயில் கோயிலாகப் போகிறாரோ என்னவோ.

“பாப்பா, இந்த விரல் விஷயம் எனக்கு நல்லதா கெட்டதா?”

“ரொம்ப நல்லதும்மா,” என்றேன் உற்சாகமாக.

“அடடா,” என்றார். பிறகு, “அந்தக் கொசு மட்டும் என் கையில கெடைச்சுது...” என்றார்.

தன்னடக்கம்.

ஜூன் 20, வியாழன்

வயது கிடைத்துவிட்டது, அதுவும் என் ஹாஸ்டலிலேயே.

மாலை எட்டிப் பார்த்தால் டி.வி. ஹாலில் ஒரே கூட்டம். நர்சிங் படிக்கும் பெண்கள் நான்கைந்து பேர், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள். ஒருத்தி போனில் படம் பிடிக்கிறாள். “ஏன்டி, காப்பியில சக்கரை இல்லன்னா நாக்கு செத்துடுமா? நான் செத்தாத்தான் இந்த வீட்ல எல்லாம் சாகும்!” விசாலத்தின் வசனம். குரலும் பிசகவில்லை.

“இத எல்லாருமே பண்றாங்கக்கா,” என்றார்கள். காட்டினார்கள். சேலம், காரைக்கால், கம்பம், கோலாலம்பூர். கல்லூரி வாசலில், பஸ்ஸில், மருதாணிக் கையோடு, கல்யாணப் பந்தியில் என்று பெண்கள் விசாலமாக மாறித் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் தங்கள் கல்லூரியையும் ஆண்டையும் பெயருக்குக் கீழேயே போட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் வயது பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்தாறு.

“உங்களுக்கு ஏன் இவங்களப் பிடிக்குது? மாமியாராச்சே?” என்று கேட்டேன்.

படம் பிடித்தவள் யோசித்தாள். “அவங்க மட்டுந்தான்க்கா அந்த சீரியல்ல அழுவறதில்ல,” என்றாள்.

ஜூன் 22, சனி

பேங்க் பையனின் படத்தைத் திறந்து பார்த்தேன். நல்ல முகம். மூடிவிட்டேன்.

பாண்டி இன்று வரவில்லை. காய்ச்சலாம். ஏ.சி. அவ்வளவு நன்றாக இல்லை.

ஜூன் 24, திங்கள்

அறிக்கை முடிந்தது. எங்கே என்ன கிடைத்தது, எது எவ்வளவு நம்பத்தக்கது, எது தெரியவே தெரியாது என்று எல்லாம் எழுதிவிட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் பிரபாம்மாவிடம் ஓடினேன். தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தார்.

“அம்மா, நீங்க பொழைச்சிட்டீங்க!”

பிசைந்த கை நின்றது. “நெஜமாவா?” என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல பாப்பா. நான் செத்துடுவேன்னு நம்பிட்டேன்.” சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: “ஒரு படம் வந்திருக்கு. ஒரு கெழவி. புருஷன் போன பிறகு அவன் லாரிய மச்சினன்மாருங்க புடுங்கிக்கிறாங்க. இவ ஓட்டக் கத்துக்கிட்டு, தன் லாரியத் தானே திருடிட்டு வர்றா. படம் பூரா நான்தான். அம்மா இல்ல, அத்த இல்ல. நான். நாப்பது நாள் ஷூட்டிங். முடிய ஒட்ட வெட்டணும்ங்கறாங்க. விசாலம் உசுரோட இருக்கற வரைக்கும் ஒரு முடியக்கூட வெட்டக் கூடாதுன்னு இங்க ஒப்பந்தம். அதான் சாவு எப்பன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். விடியக்காலம் கொளப்பாக்கத்துல போயி லாரி பழகறேன். பாரு.” உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

அந்தக் கைக்குத்தான் நான் இத்தனை நாள் ஏதேதோ பேசிக்கொண்டே தைலம் தேய்த்தேன்.

“ஒரு வரிதான பாப்பா? கெழவிய யாரும் பாக்கலன்னு எழுதிடேன்.”

“எல்லாரும் உங்களத்தாம்மா பாக்குறாங்க,” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. போனை எடுத்து நர்சிங் பெண்களின் வீடியோவைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று. கம்பத்துப் பெண் இடுப்பில் கைவைத்தபோது வாயைப் பொத்திக்கொண்டார்.

“இது யாரு வீட்டுப் பொண்ணு?”

“தெரியாதும்மா. பாக்குறவங்க.”

“நாப்பது வருஷமா கேமராவப் பாத்துப் பேசறேன். அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களான்னு ஒருத்தரும் எனக்குக் காட்டினதில்ல,” என்றார். “திரும்பப் போடு.”

பலமுறை போட்டேன். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பொய்யா எழுதாத, வேணாம். இதப் போயி இல்லன்னு எழுதினா உன் கை விளங்காது.” பிறகு, “லாரி ஓட்டணும் பாப்பா,” என்றார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

ஜூன் 25, செவ்வாய்

பாண்டியிடம் சொன்னேன். காய்ச்சல் விட்டிருக்கிறது, குரல் மட்டும் கட்டியிருக்கிறது. நெடுநேரம் பழைய காட்சிகளை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தான்.

“தலையில கட்டு இருக்குல்ல,” என்றான் திடீரென்று.

“ஆமா.”

“கட்டுக்குள்ள முடி இருக்கா, மொட்டையான்னு யாருக்குத் தெரியும்?”

நான் எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். இந்த மாதிரி யோசனைக்கு யாராயிருந்தாலும் குலுக்குவார்கள்.

ஜூன் 26, புதன்

கூட்டம்.

ஷ்ரேயஸ், நாச்சியப்பன் சார், கோமதிநாயகம் சார், நான். கைகளைக் கோத்து மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

நம் தொடரை யார் பார்க்கிறார்கள் என்று இலவசமாக யாருக்கும் முழுசாகத் தெரியாது என்று ஆரம்பித்தேன். இருபத்திரண்டு முதல் முப்பது என்ற எண், பாட்டுப் போட்டியிலிருந்து எப்படி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்று வழியைக் காட்டினேன். ஷ்ரேயஸுக்குக் காது சிவந்தது. ஆனால் அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: மறுக்கவில்லை. “என்கிட்ட அப்படித்தான் குடுத்தாங்க,” என்றார்.

பிறகு யூடியூப் துணுக்கில் எழும்பிய மலையையும் பெண்களின் வீடியோக்களையும் காட்டினேன். அதற்கும் எச்சரிக்கை சொன்னேன்: படம் பிடித்துப் போடுகிறவர்கள்தான் இதில் தெரிவார்கள், பேசாமல் பார்க்கிறவர்கள் தெரியமாட்டார்கள். அவர் காதில் அது ஏறவில்லை. மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்ன இவ்வளவு ஒசரம்?”

“விரல் சார்.”

“அப்ப நாளைக்கே எழுப்பிடுங்க!”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோமதிநாயகம் சார் பேனாவைத் திறந்தேவிட்டார்.

“எழுப்புறது உங்க இஷ்டம் சார்,” என்றேன். “எழுந்த பெறகு என்ன ஆகும்னு இதுல எதுவும் சொல்லல. இப்பத்திக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். எழும்புவாங்களான்னுதான் எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க.” பிறகு மேஜைக்கு அடியில் இருந்த கைகளை மேலே எடுத்தேன். “இன்னொண்ணும் சொல்லணும். இது ஆராய்ச்சி இல்ல. பிரபாம்மாவுக்கு ஒரு படம் வந்திருக்கு. அவங்கதான் கதாநாயகி. நாப்பது நாள் வேணும், முடி வெட்டணும். தலைக்கட்டு இருக்கறதால நமக்குத் தெரியாது. கோமா காட்சிகளை முன்கூட்டியே எடுத்து வச்சுக்கிட்டா அனுப்பிடலாம். நேத்து ராத்திரி போன்ல அவங்கதான் கேக்கச் சொன்னாங்க. சாவுறதுக்கு முந்தி ஒரு தடவ கேட்டுப் பாருன்னாங்க.”

எல்லோரும் நாச்சியப்பன் சாரைப் பார்த்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“கதாநாயகியா? பிரபாவா?”

“ஆமா சார். லாரி ஓட்டுறாங்க.”

“லாரியா!” நாற்காலி கிறீச்சிட அவர் சிரித்த சிரிப்பை இந்த அலுவலகத்தில் நான் கேட்டதில்லை. “என் மொதல் சீரியல்லயே அந்தப் புள்ளைக்கு நரை வச்சு விட்டவன் நான்தான். அப்ப முப்பது வயசுகூட இருக்காது. போயிட்டு வரட்டும். கோமாவும் சல்லிசுதான. ஆனா படம் வர்றப்ப ‘ஏழாவது மருமகள் புகழ்’னு பேருக்கு முன்னால போடணும். சொல்லிடு.”

ஷ்ரேயஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நடுவுல இன்னொரு விரல் அசைக்கலாமா?”

ஜூன் 29, சனி

நாள் முழுக்கக் கோமா. போர்வையை மாற்றி மாற்றி, ஜன்னல் வெளிச்சத்தைக் காலை, மாலை, மழை என்று மாற்றி மாற்றி எடுத்துத் தள்ளினார்கள். பிரபாம்மா இம்முறை ஒரு குறட்டைகூட விடவில்லை. சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லையாம்.

முடிந்ததும் கட்டிலை விட்டு இறங்கி என்னையும் பாண்டியையும் பக்கத்தில் கூப்பிட்டார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், “நல்லா இருங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு, தலைக்கட்டை அவிழ்த்து மூத்த மருமகள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூலை 14, ஞாயிறு

பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு மண்பாதையில் படப்பிடிப்பு. பாண்டியின் வண்டியில் போனோம். வேடிக்கை பார்க்கத்தான்.

பிரபாம்மாவை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஒட்ட வெட்டிய நரைமுடி, காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய லுங்கி. லாரியின் உயரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டினார். மாலை வெளிச்சத்தில் ஒரு காட்சி: தொலைவிலிருந்து லாரி வர வேண்டும், கேமராவுக்கு முன்னால் நிற்க வேண்டும், கிழவி குதித்து இறங்க வேண்டும். வந்தது. புழுதிப் புயலாக வந்தது. கேமராக்காரர் இரண்டடி பின்னால் போனார். தரையில் போட்டிருந்த கோட்டில் லாரி நின்றது. பிரபாம்மா குதித்தார். யூனிட் மொத்தமும் கைதட்டியது.

கயிற்றுக்கு வெளியே பக்கத்து ஊர்ப் பெண்கள் ஒரு பட்டாளமாக நின்றிருந்தார்கள். “விசாலம் அத்தே! அத்தே! எந்திரிச்சிட்டியா?” என்று ஒரே கூச்சல். பிரபாம்மா லுங்கியை இறக்கிவிட்டு, இடுப்பில் கைவைத்துத் திரும்பினார். “ஏன்டி, வேலை நடக்குற எடத்துல என்னடி கத்தல்? வாயிலயா ஸ்பீக்கர் வச்சிருக்கீங்க?” பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள்.

இயக்குநர் இன்னொரு டேக் கேட்டார். லாரியைப் பின்னால் எடுக்கப் போன பிரபாம்மா, எங்கள் பக்கத்தில் வந்ததும் நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“பாப்பா! அந்தப் பையன்கிட்டச் சொல்லிட்டியா இல்லியா?”

“என்னம்மா சொல்லணும்?” என்றேன். முகம் எரிந்தது. அந்தப் பையன் எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

“கோமாவுல கண்ண மூடிக்கிட்டு மாசம் பூரா படுத்திருந்தேன்டி. காது மூடல. ஏ.சி., புளியோதரன்னு நீ ஓயாம யாரப் பத்திப் பேசினேன்னு எனக்குத் தெரியாதா? சொல்லலன்னா இப்ப சொல்லு.”

“மேடம், லைட் போகுது!” என்று கேமராக்காரர் கத்தினார்.

“போகட்டும். இவ சொல்லாம நான் வண்டிய எடுக்க மாட்டேன்.” எஞ்சினை அணைத்துவிட்டார்.

யூனிட்டே என்னைப் பார்த்தது. கயிற்றுக்கு வெளியே நின்ற பெண்களும் பார்த்தார்கள். இத்தனை பேர் என்னைப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. வெளிச்சம் உண்மையாகவே போய்க்கொண்டிருந்தது. நான் பாண்டியின் பக்கம் திரும்பினேன்.

சொன்னேன்.

அவன் சொன்ன பதிலை இங்கே எழுதப் போவதில்லை. பிரபாம்மா ஹாரன் அடித்த சத்தத்தில் எனக்கே அது அரைகுறையாகத்தான் கேட்டது. அப்புறம் அவனை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும்போது நடுவழியில் வண்டியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பேசிக்கொண்டே தள்ளிக்கொண்டு வந்தோம். கால் வலித்து ஒரு டீக்கடையில் நின்று பங்க் எங்கே இருக்கிறது என்று கேட்டோம். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வந்த வழியிலேயே இரண்டைத் தாண்டித்தான் வந்திருக்கிறீர்கள் என்றார்.